கர்ப்பிணியின் முகப்பருவுக்கு எந்த மருந்து?

கர்ப்பத்தின் முதல் மாதங்களில் ஹார்மோன்கள் ஏற ஏற, தோலில் எண்ணெய்ப் பசை கூடிப் பரு கிளம்புகிறது. அப்போது வீட்டில் மிச்சமிருக்கும் பழைய மாத்திரையை எடுத்துப் போடுவதுதான் ஆபத்து.

பரு மருந்தான ஐசோட்ரெட்டினாயின் 1982-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கடுமையான பருவையும் அது அடக்கும். ஆனால் கர்ப்பிணி விழுங்கினால் சிசுவின் மூளை, இதயம், காது ஆகியவை பாதிக்கப்படலாம். அதனால் அமெரிக்காவில், கருத்தரிக்கக்கூடிய பெண்களுக்குக் கர்ப்பமில்லை என்று இரண்டு பரிசோதனைகளில் உறுதியான பிறகே அதைத் தொடங்குகிறார்கள்.

பருவுக்குத் தரப்படும் இன்னொரு மருந்தான டாக்சிசைக்ளினும் வேண்டாம், அந்த வகை மருந்துகள் குழந்தையின் பல்லில் கறை ஏற்றும்.

அப்படியானால் வழியே இல்லையா? இருக்கிறது. அசெலாயிக் அமிலக் களிம்பையோ கிளிண்டாமைசின் ஜெல்லையோ மருத்துவர்கள் எழுதித் தருகிறார்கள். மென்மையான சோப்பால் தினம் இருமுறை முகம் கழுவலாம். பருவைக் கிள்ளக் கூடாது. முதல் பரிசோதனைக்குப் போகும்போதே, முகத்தில் பூசும் களிம்புகளையும் எடுத்துப்போய் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.