பாலையைக் கண்டு வந்தேன்

(நம் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

   

'நான் கண்ட பாலை' என்னும் தலைப்பில் இன்று என்னைப் பேசப் பணித்தவர், நம் வட்டத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர். அதற்கு ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் இதே அவையில் பிரிவைப் பற்றி ஒரு கவிதை படித்தேன். நெஞ்சம் பாலையாயிற்று என்ற பொருளில் அதில் ஓர் அடி வரும். கூட்டம் முடிந்ததும் அப்பெரியவர் அருகில் வந்து, "தம்பி, நீங்கள் பாலையைப் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டார். "இல்லை ஐயா, படித்திருக்கிறேன்" என்றேன். அவர் புன்னகையோடு நகர்ந்துவிட்டார். அந்தப் புன்னகை என்னை நெடுநாள் உறுத்திக்கொண்டே இருந்தது. சென்ற தை மாதம் என் துணைவியாருடன் பத்து நாள் இராஜஸ்தான் சென்று வந்தேன். அங்குக் கண்டவற்றுள் சிலவற்றை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் நம் பாலையை நினைவூட்டிக்கொள்வோம். முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் என நான்கு நிலங்களுக்குத் தெய்வம் வகுத்த தொல்காப்பியர், பாலைக்கென்று தனி நிலம் கூறவில்லை. முல்லையும் குறிஞ்சியும் கோடையில் வளம் குன்றும்போது பாலையாகின்றன என்ற கருத்தை இளங்கோவடிகள் காடுகாண் காதையில் வைத்தார். எனவே நம் பாலை ஒரு பருவத்தின் நிலை. மழை பெய்தால் அது மீண்டும் முல்லையாகும். பொருள் தேடிப் போகும் தலைவன் அதைக் கடந்து செல்கிறான். யாரும் அங்கு வாழ்வதற்காகப் போவதில்லை.

தார்ப் பாலை அப்படிப்பட்டதன்று. இராஜஸ்தானின் பரப்பு 3,42,239 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டைப் போல் இரண்டரை மடங்குக்கும் மேல். ஆரவல்லி மலைத்தொடர் அதைக் குறுக்கே பிரிக்க, மேற்கே விரிவது தார். சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஜெய்சல்மேரில் 200 மில்லிமீட்டர் பெய்தாலே நல்ல ஆண்டு. ஆயினும் உலகப் பாலைநிலங்களில் மக்கள் மிக நெருங்கி வாழ்வது இங்கேதான். இந்த இரண்டு செய்திகளும் எப்படி ஒன்றாக உண்மையாக முடியும் என்ற கேள்வியோடுதான் நான் பயணத்தைத் தொடங்கினேன்.

ஜோத்பூருக்கு முதலில் போனோம். ராவ் ஜோதா என்னும் மன்னன் 1459இல் தொடங்கிய மெஹ்ரான்கட் கோட்டை, செங்குத்தான பாறையின்மேல் அந்தப் பாறையே வளர்ந்து எழுந்ததுபோல் நிற்கிறது. அக்குன்றில் பறவைகளோடு வாழ்ந்த துறவி ஒருவரைக் கோட்டைக்காக வெளியேற்றினார்கள் என்றும், இந்நிலம் நீரின்றி வாடட்டும் என்று அவர் சபித்தார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. ஊர் பிறக்கும்போதே வறட்சியின் அச்சமும் உடன்பிறந்திருக்கிறது. நம் வள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்ததன் காரணம் அந்தக் கோட்டை வாசலில்தான் எனக்கு முழுமையாக விளங்கிற்று.

கோட்டையின் அடிவாரத்தில் ஒரு பாறைப் பூங்கா உள்ளது. 2006இல் அதைச் சீரமைக்கத் தொடங்கியபோது, அங்கே மண்டிக் கிடந்தது ஒரே ஒரு மரம். அதன் பெயரைக் கேட்டால் நீங்கள் வியப்படைய மாட்டீர்கள். நம் சீமைக்கருவேல்தான்! வறண்ட நிலத்தைப் பசுமையாக்கும் ஆசையில், ஜோத்பூர் மன்னர் உமைத் சிங் வானூர்தியிலிருந்து அதன் விதைகளைத் தூவச் செய்தாராம். நாளடைவில் அது மண்ணின் செடிகளை விரட்டிவிட்டது. வெட்டினால் மீண்டும் துளிர்த்தது. இறுதியில், வழிவழியாகக் கல்லுடைக்கும் தொழிலாளரை அழைத்துவந்து, பாறையைத் தோண்டி வேரோடு எடுத்தார்கள். அவர்கள் சுத்தியலால் தட்டி, எழும் ஓசையைக் கேட்டே பாறையின் தன்மையை அறிந்துவிடுவார்கள் என்று கேட்டு வியந்தேன். இன்று அங்கே பாலைக்குரிய செடிகொடிகள் மீண்டும் தலைகாட்டுகின்றன.

சீமைக்கருவேலுக்கு நெருங்கிய உறவான இன்னொரு மரம் அந்த மண்ணுக்கே உரியது. அங்கே அதைக் 'கேஜ்ரி' என்கிறார்கள். நாம் வன்னி என்கிறோம். விருத்தாசலம் கோயிலின் தலமரம் அதுவே. விசயதசமியன்று நம் ஊர்களில் அம்பு எய்வதும் அந்த மரத்தை நோக்கித்தான். ஆனால் நமக்கு அது கோயில் மரம். அவர்களுக்கு வீட்டு மரம். தழை ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் தீவனம். காயை உலர்த்தி வைத்து ஆண்டு முழுதும் சமைக்கிறார்கள். அதன் அடியில் கம்பு நன்றாக விளைகிறது. அரசு அதை 1983இல் மாநில மரமாக அறிவித்தது.

அந்த மரத்துக்காக உயிர் கொடுத்தவர்களின் ஊர், ஜோத்பூருக்குச் சுமார் 26 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கேஜட்லி. 1730இல் மன்னர் அபய் சிங்கின் ஆட்கள் சுண்ணாம்புக் காளவாய்க்கு விறகு வேண்டி அங்கே மரம் வெட்ட வந்தார்கள். ஊரார் பிஷ்னோய் நெறியினர். 1485இல் ஜம்பேஸ்வரர் வகுத்த அந்நெறியின் இருபத்தொன்பது விதிகளுள், பச்சை மரத்தை வெட்டலாகாது என்பதும் ஒன்று. அமிர்தாதேவி என்ற பெண்மணி மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றார். அவரை வெட்டினார்கள், அடுத்து அவருடைய மூன்று பெண்மக்களை வெட்டினார்கள். பிறகு ஊர் ஊராக மக்கள் வந்து மரங்களைத் தழுவி நின்றார்கள். மாண்டவர் 363 பேர். செய்தியறிந்த மன்னர் வெட்டுவதை நிறுத்தி, பிஷ்னோய் ஊர்களில் மரம் வெட்டக்கூடாதென ஆணையிட்டார். அந்த நினைவிடத்தில் வன்னி நிழலில் சற்று நேரம் அமர்ந்திருந்தோம். என் துணைவியார் ஒன்றும் பேசவில்லை. எழும்போது மரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

மறுநாள் ஜோத்பூர் நகருக்குள் துர்ஜீ கா ஜால்ரா என்னும் படிக்கிணற்றைக் கண்டோம். செம்மணற்கல்லில் படிப்படியாக இறங்கும் அழகிய கிணறு. பல்லாண்டுகள் குப்பையும் கழிவுநீரும் நிறைந்து மூடிக்கிடந்ததை அண்மைக் காலத்தில்தான் தூர்வாரி மீட்டிருக்கிறார்கள். 1740களில் அதைக் கட்டியவர் யார் தெரியுமா? அதே அபய் சிங்கின் அரசி! அரசன் ஆட்கள் மரத்தை வெட்டினார்கள். அரசி ஊருக்கு நீர் தந்தார். வரலாற்றை எழுதுவோர் இவ்விரண்டையும் ஒரே பக்கத்தில் எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

அங்கிருந்து ஜெய்சல்மேர். 1156இல் ராவல் ஜெய்சல் அமைத்த மஞ்சள் நிறக் கோட்டை அது. யுனெஸ்கோ 2013இல் உலக மரபுச் சின்னங்களுள் சேர்த்த ஆறு மலைக்கோட்டைகளில் ஒன்று. இன்றும் சில ஆயிரம் பேர் அதனுள் குடியிருக்கிறார்கள். மாலை வெயிலில் அக்கோட்டை பொன்னாக ஒளிர்வதை எல்லாரும் எழுதிவிட்டார்கள். நான் வேறொன்று சொல்கிறேன். எண்ணூறு ஆண்டு நீரின்மையைத் தாங்கி நின்ற அக்கோட்டைக்கு இன்று நீராலேயே கேடு வந்திருக்கிறது. குழாய் நீர் வந்தது, விடுதிகள் பெருகின, கழிவுநீர் அடித்தளத்தில் கசிந்தது. வறட்சிக்கென்றே கட்டிய சுவர்கள் ஈரத்தில் இளகத் தொடங்கின. அழியும் நிலையிலுள்ள உலகச் சின்னங்களின் கண்காணிப்புப் பட்டியலில் 1996இலேயே அது இடம்பெற்றது. சுற்றிப் பார்க்கச் சென்ற நானும் அந்தக் கசிவுக்குப் பொறுப்பாளன்தான்.

அந்த மக்கள் நீரைப் போற்றிய முறையைக் காணாமல் பாலையைக் கண்டேன் என்று சொல்ல முடியாது. கோட்டைக்குக் கீழே, பதினான்காம் நூற்றாண்டில் மன்னர் கட்சி சிங் எடுப்பித்த கடிசர் ஏரி பல நூற்றாண்டுகள் நகரின் தாகம் தீர்த்தது. மழை நீர் வழிந்தோடும் தாழ்நிலத்தில் கரை கட்டி, நீர் வடிந்தபின் அந்த ஈரத்திலேயே கோதுமை விதைக்கும் 'கடீன்' முறையைப் பாலிவால் அந்தணர்கள் வளர்த்தார்கள். அவர்களுடைய குல்தரா என்னும் ஊர் இன்று கூரையற்ற சுவர்களாய்க் கிடக்கிறது. அமைச்சன் ஒருவனின் கொடுமைக்கு அஞ்சி ஒரே இரவில் ஊரை விட்டகன்றார்கள் என்பது கதை. நீர் வற்றியதே காரணம் என்போரும் உண்டு.

அனுபம் மிஸ்ரா என்ற இந்தி எழுத்தாளர், இராஜஸ்தானின் நீர் மரபைப் பற்றி 1995இல் ஒரு நூல் வெளியிட்டார். அம்மக்கள் நீரை மூன்றாகப் பகுப்பதை அவர் விளக்குகிறார். வானிலிருந்து விழுந்து நேரே கிடைப்பது 'பாலர்'. ஆழ்நிலத்து ஊற்று 'பாதாள்'. இவ்விரண்டுக்கும் இடையில் மூன்றாவது ஒன்று: 'ரேஜாணி'. மணலுக்கு அடியில் சில இடங்களில் ஜிப்சப் படுகை ஒன்று ஓடுகிறது. மழைநீர் அதற்குக் கீழே இறங்கி உப்புநீரோடு கலந்துவிடாமல் அது தடுக்கிறது. நீர் மணலில் ஈரமாகவே தங்குகிறது. அந்த ஈரத்தைச் சொட்டுச் சொட்டாகத் திரட்ட, ஆள் குனிய இடமில்லாத குறுகிய கிணறு தோண்டுகிறார்கள். அதற்குக் 'குயீன்' என்று பெயர். உள்ளே தோண்டுபவனுக்கு மூச்சுத் திணறாதிருக்க, மேலிருப்போர் பிடிபிடியாக மணலை வீசி எறிந்து புதுக்காற்றைக் கீழே செலுத்துவார்களாம். இத்தனை பாடுபட்டு ஒரு நாளில் கிடைப்பது இரண்டு மூன்று குடம் நீர்!

கவிஞர்களே! ஈரத்துக்கென்று ஒரு தனிப்பெயர் வைத்திருக்கும் மக்களின் நிலத்தையா நாம் வெறுமைக்கு உவமை சொல்கிறோம்?

அந்நிலத்தின் பழமையையும் ஒரு சொல்லில் கூறிவிடுகிறேன். ஜெய்சல்மேருக்கு அருகே ஆகல் என்னுமிடத்தில் சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட காட்டு மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. திருவக்கரைக் கல்மரங்களைக் கண்டவர்கள் அவற்றை எளிதில் உருவகித்துக்கொள்ளலாம். அதே பகுதியின் புல்வெளிகளில் வாழும் கானமயில் இன்று மொத்தமாக 150க்கும் குறைவு. பறக்கும்போது எதிரிலுள்ள மின்கம்பியை அதன் கண் அறிவதில்லை, மோதி மடிகிறது. ஒரு காலத்தில் தமிழ்நாட்டிலும் வாழ்ந்த பறவை அது. இங்கே பறவை போயிற்று. பெயர் மட்டும் நம்மிடம் எஞ்சியிருக்கிறது.

என் சொந்த ஊர் முகவைச் சீமையில் ஒரு சிற்றூர். மழை குறைந்த மண்தான். ஊருணி, ஏந்தல், கண்மாய், வரத்துக்கால், மடை, கலுங்கு என்று என் தந்தையார் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் சொல்வார். இப்போது அக்கண்மாய்க்குள் சீமைக்கருவேல் நிற்கிறது. ஊர் திரும்பியதும் என் மகனை அழைத்துக்கொண்டு கரைமேல் நடந்தேன். "அப்பா, கலுங்கு என்றால் என்ன?" என்று கேட்டான். மிகுந்து வரும் நீர் வெளியேறும் வழி என்று சொன்னேன். காட்டுவதற்குத் தேடினேன், முள்ளுக்குள் எங்கோ இருந்தது. என்னால் காட்ட முடியவில்லை.

பாலைக்குப் போனதால் நான் அறிந்தது இதுதான். மழை குறைந்ததால் மட்டும் ஒரு நிலம் பாலையாகிவிடாது. தார் மக்கள் சொட்டு நீருக்கும் பெயர் வைத்து, அப்பெயரோடு அதைக் காக்கும் முறையையும் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். நாம் சொற்களை அகராதியில் விட்டுவிட்டோம். சொற்களைக் காப்பது கவிஞர் தொழில் என்றால், அவை சுட்டும் கரையையும் மடையையும் ஒருமுறையாவது நேரில் சென்று காண்பதும் அத்தொழிலின் ஒரு பகுதியே. நம் வட்டம் பதினோராம் ஆண்டில், மாதக் கூட்டங்களில் ஒன்றையேனும் ஒரு கண்மாய்க் கரையில் நடத்த வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

என்னைப் பார்த்துப் புன்னகைத்த பெரியவர் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். ஐயா, இப்போது பார்த்துவிட்டேன். அந்தக் கவிதையிலிருந்து அவ்வடியை நீக்கிவிட்டேன். அதற்கு ஈடாக வேறோர் அடி இன்னும் அமையவில்லை; அமையும்போது இந்த அவையிலேயே படிப்பேன்.