காதருகே ஒரு வானொலி: கைபேசி அலைகளும் மூளையும்

டென்மார்க்கின் குடெனோ ஆற்றங்கரையில் இருக்கிறது ரண்டர்ஸ் நகரம். 1990களின் தொடக்கத்தில் அங்கே ஒருவர் தம் பெயரில் கைபேசிச் சந்தா எடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். அவர் பெயர் தொலைபேசி நிறுவனத்தின் கணக்கில் ஏறும். அந்நாட்டில் 1968 முதல் ஒவ்வொருவருக்கும் ஒரு குடிமக்கள் எண் உண்டு. 1943 முதல் நாடு தழுவிய புற்றுநோய்ப் பதிவேடும் உண்டு. மூன்றையும் பொருத்திப் பார்த்தால், கைபேசியில் பேசியவர்களுக்கு மூளைக்கட்டி கூடுதலாக வந்ததா என்று எண்ணிச் சொல்லிவிடலாம். டென்மார்க் புற்றுநோய்ச் சங்கத்தின் ஆய்வாளர்கள் அதைத்தான் செய்தார்கள்.

1982 முதல் 1995 வரை சந்தா எடுத்த 4,20,095 பேர் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். ரண்டர்ஸ்காரர்களுக்குத் தனிக் கணக்கு கிடையாது; நாடு முழுவதும் ஒரே கணக்கு. 2011இல் வந்த மறு ஆய்வில், 13 ஆண்டுகளுக்கும் மேல் சந்தாதாரராக இருந்தவர்களிடமும் மூளைக்கட்டி கூடியதாகத் தெரியவில்லை.

ஆனால் அந்த வலையில் ஓர் ஓட்டை இருந்தது. நிறுவனப் பெயரில் எடுத்த சந்தாக்கள், 2 லட்சத்துக்கும் மேல், பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. யார் பேசினார்கள் என்று தெரியாததே காரணம். அன்றைய நாளில் மிக அதிகம் பேசியவர்கள் அலுவலகக் கைபேசி வைத்திருந்தவர்கள்தாம். அவர்கள் 'கைபேசி இல்லாதவர்கள்' பக்கத்தில் போய்ச் சேர்ந்தார்கள். இந்தக் குறையை விமர்சகர்கள் சுட்டியது நியாயமே.

புற்றுநோய் ஒருபுறம் இருக்கட்டும். பேசிக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில் மூளைக்குள் என்ன நடக்கிறது? இந்தச் சொற்பொழிவின் மையக் கேள்வி அதுதான்.

2011இல் அமெரிக்காவில் மூளை ஆய்வாளர் நோரா வோல்கோவின் குழு 47 பேரை வைத்து ஒரு சோதனை செய்தது. இரு காதுகளிலும் கைபேசி. ஒரு நாள் வலப்பக்கக் கைபேசி 50 நிமிடம் அழைப்பில் இருந்தது, ஒலி மட்டும் அடக்கப்பட்டிருந்தது. இன்னொரு நாள் இரண்டுமே அணைந்திருந்தன. எந்த நாள் எது என்று உட்கார்ந்திருந்தவருக்குத் தெரியாது. ஆண்டெனாவை ஒட்டிய மூளைப் பகுதி குளுக்கோஸைச் சுமார் 7 சதவீதம் கூடுதலாக எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு பின்லாந்தில் 13 இளைஞர்களிடம் 33 நிமிடம் நடந்த சோதனையில் விளைவு நேர்மாறு: கைபேசி இருந்த பக்கத்தில் குளுக்கோஸ் பயன்பாடு குறைந்தது! ஏறியதா இறங்கியதா என்பதிலேயே இரண்டு ஆய்வுக்கூடங்கள் முரண்படுகின்றன என்றால், இந்த அறிவு இன்னும் பச்சையாகத்தான் இருக்கிறது.

சூரிச் பல்கலைக்கழகத்தின் தூக்கச் சோதனைகள் இன்னும் சுவையானவை. படுக்கும் முன் அரை மணி நேரம் கைபேசி போன்ற அலையைத் தலையருகே செலுத்தி, பிறகு மின்முனைகள் ஒட்டிய தலையோடு தூங்க வைத்தார்கள். கனவு குறைந்த உறக்கத்தின் மூளை அலைகளில் ஒரு பகுதி சற்று வலுத்தது. துடித்துத் துடித்து வரும் அலைக்குத்தான் இந்த விளைவு. சீரான அலைக்கு இல்லை. பழைய ஜிஎஸ்எம் கைபேசி நொடிக்கு 217 முறை துடிப்பது. மூளை ஏதோ ஒரு வகையில் அந்தத் துடிப்புக்கு அசைந்து கொடுக்கிறது.

அசைவு வேறு, கேடு வேறு. கண்ணை மூடினாலே மூளையின் ஆல்ஃபா அலை எழும். காபி குடித்தாலும் மூளை அலைகள் மாறும். கைபேசி அலையின் ஆற்றலோ வேதிப் பிணைப்பை அறுக்கத் தேவையானதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவே. ஆகவே மரபணுவை நேரடியாக உடைக்க முடியாது. திசுவைச் சற்றே சூடாக்க முடியும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011இல் இந்த அலையை '2பி', அதாவது 'ஒருவேளை புற்றுநோய் உண்டாக்கலாம்' என்ற வகையில் சேர்த்தது. சான்று வலுவில்லாதபோது வைக்கும் எச்சரிக்கை அது.

இந்தியாவில் 2012 செப்டம்பர் முதல் கைபேசி அலையை உடல் உறிஞ்சும் அளவுக்கு வரம்பு கிலோவுக்கு 1.6 வாட், 1 கிராம் திசுவில் சராசரியாக. டென்மார்க் உள்ளிட்ட ஐரோப்பாவில் 2 வாட், 10 கிராமில். சென்னையில் அடையாறு புற்றுநோய் நிறுவனம் 1981 முதல் பதிவேடு நடத்துகிறது. டென்மார்க்கைப் போல அந்தப் பதிவேட்டை அழைப்புக் கணக்கோடு கோத்துப் பார்க்கும் வேலை இங்கே நடந்தால், நம் மக்களைப் பற்றி நம் எண்களைக் கொண்டே பேசலாம்.

அதுவரை எளிய வழி ஒன்று கைவசம் இருக்கிறது. டவர் சிக்னல் ஒரே கோடாக இருக்கும் லிஃப்டிலோ ஓடும் ரயிலிலோ கைபேசி தன் சக்தியைக் கூட்டிக்கொண்டுதான் டவரை எட்டும். அந்த நேரத்தில் ஸ்பீக்கரில் போட்டு ஒரு சாண் தள்ளிப் பிடித்தால், தலைக்குள் போகும் அலை வெகுவாகக் குறைந்துவிடும். தம் கைபேசியின் உறிஞ்சல் அளவை அறிய விரும்புவோர் *#07# என்று அழுத்திப் பார்க்கலாம்.