அண்ணாவியாரிடம் படித்த பல்கலைக்கழகம்



பட்டம் பெறும் பிள்ளைகளே, இந்தக் கண்டி மண்ணில், பேராதனைப் பல்கலைக்கழகத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சிங்கள நாடகத்துக்கு ஒரு வடிவம் தேடிய எதிரிவீர சரச்சந்திர, தென்கரையோர நாடகக் குருவான சார்ள்ஸ் சில்வா குணசிங்கவிடம் போனார். 1956இல் ‘மனமே’ நாடகம் மேடையேறியது. அந்தக் குருவின் நாடகமரபோ நம் தமிழ்க் கூத்தின் வழி வந்தது.

அதே பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்தவர் சு. வித்தியானந்தன். லண்டனில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். படித்தவர்கள் பலர் கூத்தைப் பாமரர் ஆட்டமென்று ஒதுக்கிய காலத்தில், மட்டக்களப்பின் கூத்து ஆசான்களான அண்ணாவிமாரின் கலையைத் தம் மாணவர்களுக்குப் பழக்குவித்தார். 1962இல் ‘கர்ணன் போர்’, 1964இல் ‘இராவணேசன்’. விடிய விடிய ஆடும் கூத்து, வட்டக்களரியை விட்டு மண்டப மேடைக்கு வந்தது.

கூத்துப் பழகுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறீர்களா? அண்ணாவியார் மத்தளத்தைத் தட்டித் தாளக்கட்டை வாயால் சொல்வார். அது உங்கள் காலில் வர வேண்டும். கொப்பியில் எழுதி வைத்துப் பிறகு பார்க்க முடியாது. கால் பிசகினால் திரும்பவும் முதலிலிருந்து. பல்கலைக்கழக மாணவன், கிராமத்துப் பையன் என்ற வேறுபாடெல்லாம் மத்தளத்துக்குத் தெரியாது! ‘இராவணேசன்’ கூத்தில் இராவணனாக ஆடிய மட்டக்களப்பு மாணவர் மௌனகுரு, பின்னாளில் அந்த மரபையே ஆராய்ந்து பேராசிரியரானார்.

ஒரு கலைஞரிடம் ஒலிப்பதிவுக் கருவியோடு போய், இரண்டு மணி நேரம் பேச வைத்து, ஆய்வேட்டின் அடிக்குறிப்பில் ஒரு வரி போட்டுவிட்டு வருவதை நான் கற்றல் என்று சொல்லமாட்டேன். சொல்லித் தருகிறவரை ஆசிரியராக ஏற்க வேண்டும். அவர் திருத்தும்போது திருந்த வேண்டும். பட்டம் கிடைத்த பிறகு அது இன்னும் கடினம். அதனால்தான் இன்றைக்குச் சொல்கிறேன்.

அப்படிக் கற்க நீங்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. லூல்கந்துரவில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டதைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். ஆனால் அந்தத் தேயிலை மலைகளில் உழைத்தவர்களின் பாட்டுகளைத் தேடித் தொகுத்தவர் சி. வி. வேலுப்பிள்ளை. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் அந்த லயங்களிலிருந்து வந்த பிள்ளைகள் உங்களிலும் இருக்கிறார்கள். கொழுந்து பறித்த காசில் அவர்களைப் படிக்க வைத்த தாய்மார் இங்கே பின்வரிசையில் இருக்கிறார்கள்.

மாசி மாதம் தோட்டங்களில் காமன் கூத்து ஆடுவார்கள். போங்கள். கூத்தைப் பற்றி நீங்கள் வாசித்ததை அங்கே பேச வேண்டாம். தப்படிக்கும் பெரியவரிடம், “ஐயா, எனக்கும் ஓர் அடி சொல்லித் தாங்க” என்று கேளுங்கள். தோட்டத்துப் பிள்ளைகள் தங்கள் சிநேகிதர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்.