கடலோரத்துல ஒரு பெட்டி வீடு: வாங்கலாமா?

நம்ம ஊர்ல கேரவன்னு சொன்னா உடனே ஞாபகம் வர்றது, ஷூட்டிங் ஸ்பாட்ல ஹீரோவுக்காக நிக்குற ஏசி வண்டிதான். இங்கிலாந்துல அந்த வார்த்தைக்கு வேற அர்த்தம். கார் பின்னாடி மாட்டி இழுத்துட்டுப் போறது ஒரு வகை, அது டூரிங் கேரவன். இன்னொரு வகை, லாரியில கொண்டுவந்து ஒரு இடத்துல இறக்கி வச்சுட்டா, பெரும்பாலும் அதோட ஆயுசு முடியுற வரைக்கும் அங்கேயே நிக்கும். அதுதான் ஸ்டாட்டிக் கேரவன். இன்னைக்கு எபிசோட் அதப் பத்தி. ஏன்னா போன வருஷம் நானும் என் மனைவியும் அதுல ஒண்ணு வாங்கறதுக்காகக் கையெழுத்துப் போடுற மேஜை வரைக்கும் போய்ட்டோம்.

கதை எப்படி ஆரம்பிச்சதுன்னா, என் டீம்ல ஒரு சீனியர் டெஸ்டர் இருக்கார். வயசு ஐம்பதுக்கு மேல. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு மேல அவருக்கு மெசேஜ் அனுப்பினா பதில் வராது. "கேரவனுக்குக் கிளம்பிட்டேன்"னு ஸ்டேட்டஸ் மட்டும் இருக்கும். ஒரு தடவை எங்களையும் கூப்பிட்டார். நாங்க இருக்கறது லீட்ஸ்ல. கிழக்குப் பக்கமா ஓட்டினா ரெண்டு மணி நேரத்துக்குள்ள பிரிட்லிங்டன். அதுக்குக் கொஞ்சம் தெற்கே, கடலைப் பார்த்த மாதிரி ஒரு பார்க்.

நான் ஏதோ தகரக் கொட்டகைன்னு நெனச்சுட்டுப் போனேன். உள்ள போனா ரெண்டு பெட்ரூம், ஹால், கேஸ் அடுப்போட சமையலறை, குளியலறை, எல்லாமே இருக்கு. நீளம் சுமாரா 35 அடி, அகலம் 12 அடி. வெளியே ஒரு மரத் திண்ணை. அவரோட அம்மா, எண்பது வயசு, போர்வையைப் போர்த்திட்டு அந்தத் திண்ணையில உட்கார்ந்து கடலைப் பார்த்துட்டு இருந்தாங்க. பசங்க சைக்கிள்ல சுத்திட்டு வந்தாங்க. பக்கத்து கேரவன்காரர் மீன் பிடிச்சுட்டு வந்து ரெண்டு மீனைக் கொடுத்துட்டுப் போனார். லீட்ஸ்ல எங்க அபார்ட்மெண்ட்ல மூணு வருஷமா எதிர் வீட்டுக்காரர் பேரே எங்களுக்குத் தெரியாது. திரும்பி வரும்போது கார்ல என் மனைவி ரொம்ப நேரம் பேசவே இல்ல. அப்புறம், "கதவைத் திறந்தா புல்லுல கால் படணும், அவ்ளோதான் எனக்கு வேணும்"னு சொன்னா. அன்னைக்கு ராத்திரியே தேட ஆரம்பிச்சாச்சு.

ரெண்டு மாசம் கழிச்சு, அதே கரையில வேற ஒரு பார்க்ல, மூணு வருஷம் பழைய கேரவன் ஒண்ணைப் பார்த்தோம். விலை 32,000 பவுண்டு. எங்க சேமிப்புல கிட்டத்தட்ட எல்லாமே அதுதான். இங்க வீட்டு விலையோட ஒப்பிட்டா ரொம்பக் குறைச்சல்னு தோணும். விற்கறவர் காபி கொடுத்தார், சாவியையே கையில கொடுத்து, "போய் ஒரு அரை மணி நேரம் உள்ள உட்கார்ந்துட்டு வாங்க"ன்னார். அவர் தொழில் தெரிஞ்சவர்.

அன்னைக்கு ராத்திரி வீடியோ கால்ல அம்மாகிட்ட படமெல்லாம் காட்டினேன். எல்லாத்தையும் பார்த்துட்டு அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. "மனை எவ்வளவுடா? பத்திரம் நம்ம பேருக்கு ஆகுமா?"

மனையே கிடையாது. பத்திரமும் கிடையாது. இதை வாய்விட்டுச் சொன்னப்பதான் எனக்கே உறைச்சுது.

சென்னையில ஃபிளாட் வாங்கினவங்களுக்கு யுடிஎஸ் தெரியும், அதாவது பிரிக்கப்படாத நிலப் பங்கு. கட்டடம் பழசாகும், மதிப்பு இறங்கும். ஆனா அடியில இருக்குற நிலத்துல உங்க பங்கு விலை ஏறும். அதனாலதான் முப்பது வருஷப் பழைய ஃபிளாட்டுக்கும் விலை இருக்கு. ஸ்டாட்டிக் கேரவன்ங்கறது யுடிஎஸ் பூஜ்யமா இருக்குற ஃபிளாட். நீங்க வாங்கறது பெட்டியை மட்டும்தான். அது நிக்குற இடம் பார்க் முதலாளியோடது. அங்க நிறுத்தி வைக்க ஒரு உரிம ஒப்பந்தம், அதுக்கு வருஷா வருஷம் ஒரு கட்டணம். பிட்ச் ஃபீஸ்னு சொல்வாங்க.

சட்டமும் அதை வீடாப் பார்க்கல. 1960லயும் 1968லயும் வந்த கேரவன் சட்டங்கள் ரெண்டுலயும் கேரவனுக்கு வரையறை இருக்கு. இடத்துக்கு இடம் நகர்த்தக்கூடியதா இருக்கணும். அளவும் 20 மீட்டர் நீளம், 6.8 மீட்டர் அகலத்துக்கு மேல போகக்கூடாது. அதனாலதான், எங்கயும் போகாத இந்தப் பெட்டிக்கு அடியில குனிஞ்சு பார்த்தா இரும்புச் சட்டமும் ரெண்டு சக்கரமும் இருக்கும். நான் குனிஞ்சு பார்த்தேன், இருந்தது! வீடு இல்லங்கறதால முத்திரை வரி கிடையாது, சரி. ஆனா வீட்டுக் கடனும் கிடையாது. கடன் வேணும்னா அதிக வட்டியில, கார் கடன் மாதிரிதான் வாங்கணும்.

அதுலயே குடியிருக்கவும் முடியாது. ஹாலிடே பார்க்ல இருந்தா அது விடுமுறைக்கு மட்டும்தான். உங்களுக்குன்னு நிரந்தர வீடு வேற இடத்துல இருக்குன்னு காட்ட, கவுன்சில் டாக்ஸ் பில்லைக் கேப்பாங்க. பல பார்க்குகள் குளிர்காலத்துல சில வாரமோ சில மாசமோ மூடிடும். நிரந்தரமா குடியிருக்கற பார்க் ஹோம்னு வேற ஒரு வகை இருக்கு. அதுல இருக்கறவங்களுக்கு 1983ல வந்த மொபைல் ஹோம்ஸ் சட்டம் பாதுகாப்பு கொடுக்குது, சும்மா வெளியேத்த முடியாது. ஹாலிடே கேரவனுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. பார்க்கறதுக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். இதைக் குழப்பிக்கிட்டு, இருந்த வீட்டை வித்துட்டு ஹாலிடே பார்க்குக்குக் குடிபோய் மாட்டிக்கிட்டவங்க இங்க உண்டு.

சரி, இப்ப கணக்கு. நான் இஞ்சினியர், எக்செல் திறக்காம தூக்கம் வராது. எங்களுக்குச் சொன்ன பிட்ச் கட்டணம் வருஷத்துக்கு 5,400 பவுண்டு. விலைவாசியோட சேர்ந்து ஏறும். இன்சூரன்ஸ் கட்டாயம், அது 250. தண்ணிக்கும் உள்ளூர் வரிக்கும் பங்கு 400. கரண்ட், அப்புறம் பின்னாடி நிக்குற பெரிய ஆரஞ்சு கலர் கேஸ் சிலிண்டர், ரெண்டும் சேர்த்து ஒரு 600. இன்னொண்ணு, நம்ம ஊர்க்காரங்களுக்குத் தோணவே தோணாத செலவு: குளிர்காலம் வர்றதுக்கு முன்னாடி குழாய்ல இருக்குற தண்ணி மொத்தத்தையும் வடிகட்டணும். இல்லன்னா உறைஞ்சு குழாய் வெடிச்சுடும். டாய்லெட்லயும் சிங்க்லயும் உறையாம இருக்க ஒரு திரவம் ஊத்துவாங்க. அதுக்கு ஆள் வச்சா 150. மொத்தம் 6,800.

அது போக மதிப்பு இறங்குறது. கேரவன் கார் மாதிரிதான் இறங்கும். பத்து வருஷம் கழிச்சு 5,000 கிடைச்சா நல்ல விலைன்னு என் நண்பர் சொன்னார். விக்கும்போது பார்க்குக்குக் கமிஷன் வேற. எங்க ஒப்பந்தத்துல 15 சதவீதம், அதுக்கு மேல வாட் வரி. பெட்டி என்னோடது, வாங்க வர்றவர் நான் கண்டுபிடிச்சவரா இருந்தாலும் கமிஷன் அவங்களுக்கு. இதையெல்லாம் போட்டுப் பார்த்தா வருஷத்துக்கு இன்னொரு 2,800. ஆக மொத்தம் 9,600. ரெண்டு பேரும் வேலைக்குப் போறவங்க. லீவுல பாதி இந்தியாவுக்கே போயிடும். உண்மையா எத்தனை ராத்திரி அங்க தூங்குவோம்னு எண்ணினா 35 வந்தது. ஒரு ராத்திரிக்கு 274 பவுண்டு. அதே பார்க்ல அதே மாதிரி கேரவனை ஆகஸ்ட் மாசமே வாடகைக்கு எடுத்தாலும் இதுல பாதிகூட ஆகாது.

நாம இல்லாதப்ப வாடகைக்கு விடலாமேன்னு கேப்பீங்க. நானும் கேட்டேன். சில பார்க்ல அனுமதியே கிடையாது. இந்தப் பார்க்ல உண்டு, ஆனா அவங்க மூலமாத்தான் விடணும். நல்லா வாடகை வர்றது ஸ்கூல் லீவுல. நாம போகணும்னு ஆசைப்படுறதும் அப்பதான். சம்பாதிக்கணும்னா வீட்ல உட்காரணும், போகணும்னா சம்பாதிக்க முடியாது.

இதே கணக்கை என் நண்பருக்குப் போட்டுப் பார்த்தேன், அவரைக் கேட்டுட்டுத்தான். அவர் பதினொரு வருஷம் முன்னாடி செகண்ட் ஹேண்ட்ல 9,000 பவுண்டுக்கு வாங்கினார். இப்ப அது விலைக்குப் போகாதுன்னே வச்சுக்கலாம், வருஷத்துக்கு 800 போச்சு. கட்டணமும் மத்த செலவும் சேர்த்து 5,000. மார்ச்சுல இருந்து அக்டோபர் வரைக்கும் கிட்டத்தட்ட ஒவ்வொரு வார இறுதியும், கோடை லீவுல ரெண்டு வாரமும் போறார். வருஷத்துக்கு 75 ராத்திரி. ஒரு ராத்திரிக்கு 78 பவுண்டு கூட இல்ல, அதுல ஆறு பேர் தூங்கறாங்க. அவருக்கு இது லாபம். லாபம்னா பணமாத் திரும்பி வர்றதுன்னு இல்ல. அவர் அந்தப் பணத்தை அன்னைக்கே செலவு எழுதிட்டார். "இதை முதலீடுன்னு யாராவது சொன்னா எழுந்து வெளியே வந்துடு"ன்னு எனக்குச் சொன்னது அவர்தான்.

இங்க ஒரு சின்ன கிளைக்கதை. 2012 பட்ஜெட்ல இந்த ஸ்டாட்டிக் கேரவனுக்கு 20 சதவீத வாட் வரி போடறதா அரசாங்கம் அறிவிச்சது. இந்தத் தொழிலோட தலைநகரமே ஹல் நகரமும் அதைச் சுத்தி இருக்குற ஊர்களும்தான்; நாடு முழுக்க நிக்குற கேரவன்கள்ல பெரும்பகுதி அங்கதான் தயாராகுது. வேலை போயிடும்னு அங்க பெரிய எதிர்ப்பு. அதே பட்ஜெட்ல சூடா விக்குற பேஸ்டி பலகாரத்துக்கும் வரி போட்டாங்க, அதுக்கும் ஊரே கொந்தளிச்சது. ரெண்டுலயும் அரசாங்கம் பின்வாங்கி, கேரவனுக்கு 5 சதவீதம்னு குறைச்சாங்க. சோத்துலயும் லீவுலயும் கை வச்சா எந்த ஊர்லயும் இதான் நடக்கும்.

நிலம் இல்லாததுதான் பெரிய குறைன்னு இவ்வளவு நேரம் சொன்னேன்ல? அந்தக் கரையிலயே அதைத் தலைகீழாக்கிற ஒரு விஷயத்தையும் பார்த்தோம். பிரிட்லிங்டனுக்குத் தெற்கே போற கடற்கரைக்கு ஹோல்டர்னஸ்னு பேர். பனியாறு விட்டுட்டுப் போன களிமண்ணால ஆன கரை. ஐரோப்பாவிலயே ரொம்ப வேகமா அரிக்கப்படுற கரைகள்ல ஒண்ணு, சராசரியா வருஷத்துக்கு ஒன்றரை ரெண்டு மீட்டர் கடலுக்குள்ள போயிடுது. சில வருஷம் ஒரே புயல்ல பல மீட்டர் போகும். ஸ்கிப்சீ பக்கம் நடந்து போனப்ப, தார் ரோடு அப்படியே அந்தரத்துல முடியுது. அந்த விளிம்புல சொந்த மனையில வீடு கட்டினவங்க, பத்திரம் கையில இருந்தும் வீட்டை இழக்கறாங்க. பக்கத்துல இருக்குற கேரவன் பார்க்ல முதல் வரிசையைத் தூக்கி, உள்ள கொண்டுபோய் வச்சுடறாங்க. அந்தச் சக்கரம் சும்மா இல்ல! "கடல் பார்த்த முதல் வரிசை"க்கு அதிகக் கட்டணம் கொடுக்கறவங்க இதையும் ஒரு வார்த்தை கேட்டுக்கறது நல்லது.

இதையெல்லாம் விட என்னை நிறுத்தினது ஒப்பந்தத்தோட கடைசிப் பக்கம். கேரவனுக்கு வயசு வரம்பு இருக்கு. அந்த வயசு வந்துட்டா பார்க்கை விட்டு எடுத்துட்டுப் போகணும். எங்கே எடுத்துட்டுப் போறது? வேற பார்க்குகள் பழசைச் சேத்துக்கறது அபூர்வம். ஒண்ணு, அதே பார்க்ல புதுசு வாங்கணும்; இல்ல, காசு கொடுத்து உடைச்சு எடுக்கச் சொல்லணும். என் நண்பரோட கேரவனுக்கு அடுத்த வருஷம் 20 வயசு. அவர் பார்க்ல அதுதான் எல்லை. புதுசு வாங்க 45,000 கேட்டிருக்காங்க. முடியாதுன்னு சொல்லிட்டார். அம்மாகிட்ட இன்னும் சொல்லல. "திண்ணையை மட்டும் கழட்டி வீட்டுத் தோட்டத்துல வைக்கலாமான்னு பார்த்துட்டு இருக்கேன்"னார். திண்ணை அவரே அடிச்சது.

நாங்க வாங்கல. கட்டின 500 பவுண்டு முன்பணத்துல 350 திரும்பக் கிடைச்சது, மீதி "நிர்வாகச் செலவு". என் மனைவிக்கு ஒரு மாசம் என்மேல கோபம். கணக்கு தப்புன்னு அவ சொல்லல. கணக்குப் போட்ட வேகம்தான் பிடிக்கலன்னா. அது நியாயம்தான்.

உங்கள்ல யாராவது இங்க இருந்து, வாங்கலாம்னு யோசிச்சா, ஒப்பந்தத்தை வீட்டுக்கு எடுத்துட்டு வந்து படிங்க, அங்க மேஜையில உட்கார்ந்து படிக்காதீங்க. எத்தனை வருஷத்துக்கு உரிமம், கட்டணம் எப்படி ஏறும், விக்கும்போது கமிஷன் எவ்வளவு, இந்த மூணையும் எழுத்துல வாங்குங்க. ரெண்டு மணி நேரத்துக்கு மேல டிரைவ்னா யோசிங்க, வெள்ளிக்கிழமை டிராஃபிக்ல அது நாலு மணி நேரம். முதல்ல ஒரு வாரம் வாடகைக்கு எடுத்துத் தங்குங்க, அதுவும் நவம்பர்ல. ஜூலையில எந்தக் கேரவனும் அழகுதான்.

அந்த விற்பனைக்காரர் இன்னும் எனக்கு மாசம் ஒரு மெயில் அனுப்பறார். என் நண்பர் மே மாசம் கடைசி சீசனுக்குக் கூப்பிட்டிருக்கார். ரசம் பொடி கொண்டு வரச் சொல்லி அவரோட அம்மா சொல்லி அனுப்பியிருக்காங்க, போன தடவை வச்ச ரசம் பிடிச்சுப் போச்சாம். போய்ட்டு வந்து சொல்றேன். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.