அடுப்பேறாக் கோப்பி

சித்திரை மாதத்து நண்பகலில் கல்முனைக் கடற்கரை மணலில் வெறுங்காலுடன் நடந்தவர்களுக்கு வெயிலைப்பற்றி நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. சித்திரை கழிந்ததும் கச்சான் தொடங்கிவிடும். மேற்கு மலைகளைக் கடக்கும்போதே தன் ஈரத்தையெல்லாம் அங்கே இறக்கிவைத்துவிட்டு, வெக்கையை மட்டும் நம் வாசலுக்குச் சுமந்துவரும் காற்று அது. இத்தகைய காலத்திலும் நாம் தேநீரையும் கோப்பியையும் ஆவி பறக்கவே அருந்துகிறோம். பழக்கத்தின் வலிமை அத்தகையது.

அடுப்பில் ஏற்றாமலே ஆக்கும் கோப்பியைப்பற்றி இன்று உங்களோடு உரையாட எண்ணுகிறேன். நகரத்து இளைஞர்கள் இதனைக் ‘கோல்ட் புரூ’ என்பர். நம் கலியாண வீடுகளில் பரிமாறும் ஐஸ் கோப்பி வேறு, இது வேறு. ஐஸ் கோப்பி என்பது கொதிநீரில் ஆக்கிய கோப்பியில் பாலும் சீனியும் கலந்து குளிரவைத்தது. நான் கூறவந்ததோ, கோப்பித் தூளைத் தண்ணீரிலேயே அரைநாள் ஊறவைத்து வடித்தெடுப்பது. தொடக்கம் முதல் முடிவு வரை அதில் நெருப்பிற்கு வேலையில்லை.

இதனை நான் கற்றுக்கொண்டது 2022ஆம் ஆண்டில். அவ்வாண்டை மறக்கவல்லார் யார்? எரிவாயுச் சிலிண்டருக்காக விடியுமுன்னரே வரிசையில் நின்றோம். மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நீண்டது. ஏப்ரல் தொடக்கத்தில் நோன்பும் வந்தது. கட்டாரிலிருந்து விடுமுறையில் வந்திருந்த என் மருமகன், கஞ்சி காய்ச்சவே விறகு தேடும் எங்கள் நிலையைக் கண்டு, “மாமா, கோப்பிக்காவது அடுப்பு வேண்டாம். நான் செய்து காட்டுகிறேன்” என்றான்.

அவன் செய்த முதற்கோப்பி, உண்மையைச் சொன்னால், வாயில் வைக்க இயலாததாயிற்று. கடையில் வாங்கிய ஒரு பொதித் தூளை அப்படியே நீரிற் கொட்டி ஊறவைத்தான். மாலையில் வடித்தபோது துணியின் கண்களெல்லாம் அடைபட்டன. பிழிந்து எடுத்ததோ கலங்கல். உம்மா ஒரு மிடறு பருகிவிட்டு, “மாரிகாலத்து வாய்க்கால் தண்ணீரைப்போல இருக்கிறது” என்று கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். மருமகன் தூளைக் குறைகூறினான். தூளின்மீது குற்றமில்லை, அது வேறொரு முறைக்காக அரைக்கப்பட்டது. நம் நாட்டில் கோப்பித் தூளைக் கோப்பையில் இட்டு, கொதிநீரை ஊற்றி, மண்டி அடியில் தங்கியபின் பருகுவது நெடுநாள் வழக்கம். அதற்கு மாவுபோன்ற தூளே ஏற்றது. நீரில் நெடுநேரம் ஊறவேண்டிய கோப்பிக்கு அத்தூள் ஆகாது. மாவாக அரைத்ததிலிருந்து கசப்பும் துவர்ப்பும் அளவுக்கு மிஞ்சி இறங்கும், வடிப்பதும் கடினம்.

அப்போது என் நினைவிற்கு வந்தவர் மூத்தம்மா. அவர் உயிரோடிருந்த நாளில் எங்கள் வீட்டிற்குத் தூள் வாங்கியதே இல்லை. கோப்பிக் கொட்டையை ஓட்டிலிட்டுக் கருகாமல் வறுப்பார். சிறிது கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் கூட்டி உரலில் இடிப்பார். பின்னர் அரிதட்டில் அரிப்பார். கீழே விழுந்த தூள் போத்தலுக்குப் போகும். அரிதட்டின்மேல் தங்கிய கப்பி மீண்டும் உரலுக்குப் போகும். மூத்தம்மா உரலுக்குத் திருப்பியனுப்பிய அந்தக் கப்பிதான் நேயர்களே, குளிர்நீர்க் கோப்பிக்கு வேண்டியது! மறுநாள் வறுத்த கொட்டை வாங்கிவந்து இடித்தோம். தூளைத் தனியே எடுத்துவைத்தோம். றவையிலும் சற்றுப் பருமனான கப்பியை மட்டும் ஊறவைத்தோம். அன்று உம்மா கோப்பையைக் கீழே வைக்கவில்லை.

இனிச் செய்முறை. கப்பி 100 கிராமுக்குத் தண்ணீர் 800 மில்லிலீற்றர். தராசு இல்லாத வீட்டில் ஒரு கோப்பைக் கப்பிக்கு அதே கோப்பையால் மூன்று கோப்பை நீர் எனக் கொள்ளலாம். கண்ணாடிப் போத்தலே நல்லது. ஊறுகாய் இருந்த போத்தலாயின் அதன் மணம் முற்றிலும் போகும்வரை கழுவுக. நம் கரையோரக் கிணறுகள் சிலவற்றின் நீர் உவர்ப்பது. குழாய்நீரிலோ குளோரின் மணம் உண்டு. சூடான கோப்பியில் இவை அவ்வளவாகத் தெரிவதில்லை. குளிர்ந்த கோப்பியில் முதல் மிடற்றிலேயே காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே உவர்ப்பில்லாத, கொதித்து ஆறிய நீரையே கொள்க. ‘அடுப்பே வேண்டாம் என்றீரே’ என நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. குடிநீருக்கென எப்படியும் கொதிக்கவைக்கும் வீட்டில், அதிலிருந்து ஒரு போத்தலை ஒதுக்குவது புதிய செலவன்று.

நீரை ஊற்றி, கப்பி முழுதும் நனையுமாறு ஒருமுறை கிளறி மூடிவிடுக. குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் 14 முதல் 18 மணித்தியாலம் வரை ஊறலாம். வெளியில், நம்மூர் வெக்கையில் வைத்தால் 8 மணித்தியாலமே போதும். சூடு கூடுந்தோறும் சாரம் விரைந்து இறங்கும். அப்படி வெளியில் ஊறியதை அன்றே பருகி முடித்துவிட வேண்டும். ஊறும்போது சீனியோ பாலோ சேர்த்தல் தகாது. அவை பழுதாவதற்கு வழிகோலும்.

மின்வெட்டு நாட்களில் நாங்கள் ஓர் உபாயம் செய்தோம். மீன் வைக்கும் ரெஜிபோம் பெட்டியொன்றைக் கழுவி, கடைத்தெருவில் கிடைத்த பனிக்கட்டியை அதில் நிரப்பி, இறுக மூடிய போத்தலை அதனுள்ளே புதைத்தோம். மீனுக்கென ஆக்கப்படும் பனிக்கட்டி போத்தலைச் சூழ்ந்திருக்கலாம்; கோப்பைக்குள் விழலாகாது. இதனை வீட்டுச் சிறுவர்களுக்கு இருமுறை சொல்லிவைப்பது நலம்.

வடிப்பதற்குத் துணி வேண்டுமல்லவா? அதற்கு நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. பக்கத்து மருதமுனையில் கைத்தறி நெசவு நெடுங்காலத் தொழில். சாயமிடாத வெள்ளைப் பருத்தித் துணியில் ஒரு முழம் வாங்கி, நூலிலுள்ள கஞ்சி நீங்க இருமுறை கொதிநீரில் அலசி வைத்துக்கொண்டால் பல மாதம் உழைக்கும். துணியை இரண்டாக மடித்துக் கட்டி, கோப்பி தானே சொட்டுமாறு விடுக. பிழியாதீர்கள். பிழிந்தால் மண்டியும் கசப்பும் சேர்ந்து வரும். 800 மில்லிலீற்றர் ஊற்றியதில் 600 அளவில் திரும்பக் கிடைக்கும். எஞ்சியதைக் கப்பி குடித்துவிடும். சவர்க்காரமிட்டு அத்துணியைக் கழுவினால் அடுத்த கோப்பியில் சவர்க்காரம் மணக்கும், வெந்நீரே போதும்.

இவ்வாறு கிடைப்பது சாறு; அப்படியே பருகுவதற்குரிய பானமன்று. இதனைச் சற்று அழுத்திச் சொல்கிறேன். சூட்டில் இறங்கும் கசப்பில் ஒரு பகுதி இதில் இராது. நாவிற்கு மென்மையாகத் தோன்றும். அதனால் இதில் வீரியம் குறைவென எண்ணுவோர் உளர். அது தவறு. கோப்பியிலுள்ள கபேன் என்னும் பொருள் குளிர்நீரிலும் நன்றாகவே கரையும். நம் நாட்டு வீட்டுத் தோட்டங்களில் பெரும்பாலும் விளைவது ரொபஸ்டா இனம். அதன் எடையில் நூற்றுக்கு 2 பங்குக்குமேல் கபேன் இருக்கும். அராபிக்காவில் இருப்பது ஏறக்குறைய அதிற் பாதி. 100 கிராம் ரொபஸ்டாவில் 2,000 மில்லிகிராம் என்றே கொள்வோம். அது முழுதும் நீரில் இறங்கினால், வடித்த சாறு 100 மில்லிலீற்றரில் 250 மில்லிகிராம் வரை இருக்கக்கூடும். உடல்நலமுள்ள பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராமும், கருவுற்ற பெண்களுக்கு 200 மில்லிகிராமும் மேல்வரம்பு என ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அறிஞர்கள் வரையறுத்துள்ளனர். எனவே ஒருவருக்கு அரைக்கோப்பைக்கும் குறைவாக, 60 மில்லிலீற்றர் சாறு எடுத்து, அதற்கு இருமடங்கு தண்ணீரோ பாலோ சேர்ப்பதே முறை. தேங்காய்ப்பாலும் பனங்கட்டிப் பாகும் சேர்த்துப் பாருங்கள். கடையில் வாங்கும் எந்த ஐஸ் கோப்பியும் அதற்கு ஈடாகாது என்பது என் துணிபு. என் மருமகன் இதனை ஒப்புவதில்லை. பாலும் சீனியும் கோப்பியைக் கெடுக்கும் என்பது அவன் கட்சி.

வயிற்றெரிவு உள்ளவர்களுக்கு இது மருந்துபோல் உதவும் என்று ஒரு பேச்சும் உலவுகிறது. 2018ஆம் ஆண்டில் அமெரிக்காவில், பிலடெல்பியாவிலுள்ள தோமஸ் ஜெபர்சன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் இருவர் சூடான கோப்பியையும் குளிர்நீர்க் கோப்பியையும் ஒருங்கே சோதித்தனர். இரண்டின் அமிலச் செறிவெண்ணும் ஏறத்தாழ ஒன்றே எனக் கண்டனர். சூடானதில் அமில வகைகளின் மொத்த அளவு சற்றுக் கூடியிருந்தது, அவ்வளவே. சுடுகோப்பி ஒவ்வாதவர் இதனையும் எச்சரிக்கையோடு அணுகுவதே நன்று.

எங்கள் தெருப் பெரியவர் ஒருவர், ‘கோல்ட் புரூ’ என்னும் பெயரைக் கேட்டதும் முகம் சுளித்தார். “புரூ என்றால் மதுபானம் வடிப்பதற்குச் சொல்வதல்லவா? இரவெல்லாம் ஊறியது நொதிக்காதா?” என்று வினவினார். அவ்வினா நகைப்பிற்குரியதன்று. இதனையொத்த ஐயம் கோப்பியின் வரலாற்றிலேயே உண்டு. 15ஆம் நூற்றாண்டில் யெமன் நாட்டு ஸூபிகள் இராவணக்கத்தில் விழித்திருக்கக் கோப்பியைப் பருகினர். அதற்கு வழங்கிய ‘கஹ்வா’ என்னும் அறபுச்சொல் முன்னர் மதுவையும் குறித்தது. 1511இல் மக்காவின் ஆளுநராயிருந்த கைர் பேக் கோப்பியைத் தடைசெய்தார். கெய்ரோவிலிருந்த சுல்தானின் ஆணை அத்தடையை நிலைக்கவிடவில்லை. அந்தப் பெரியவருக்கு நான் கூறியது இவ்வளவே: வறுத்த கோப்பியில் நொதிப்பதற்கு வேண்டிய சீனி மிகச் சொற்பம்; குளிரும் குறுகிய நேரமும் அதற்கு இடங்கொடா. அவரோ என்னிலும் அறிந்தவர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்காக உலர்திராட்சையை நீரில் ஊறவைத்ததையும், மூன்றாம் நாள் மாலைக்குப்பின் எஞ்சியதைக் கொட்டிவிடச் செய்ததையும் ஸஹீஹ் முஸ்லிமிலிருந்து எடுத்துக்காட்டி, “அப்படியானால் உன் கோப்பிக்கும் மூன்று நாள் கணக்கு வைத்துக்கொள்” என்றார். குளிர்சாதனப் பெட்டியில் வைத்த சாற்றுக்கு நாங்களும் அந்தக் கணக்கையே வைத்துக்கொண்டோம். மின்சாரம் நெடுநேரம் நின்ற நாளில் அதுவும் இல்லை, அன்றே முடித்தோம்.

கொட்டை வாங்கச் செல்வோருக்கு ஒரு சொல். கண்டி, பதுளைப் பகுதிகளிலிருந்து வறுத்த கொட்டை வருகிறது. அரைக்காததாகக் கேட்டு வாங்குக. நம் அம்பாறை மாவட்டத்தின் மேற்கெல்லைக்கப்பால் பதுளை மாவட்டத்திலுள்ள மடுல்சீமையில்தான் 1869இல் கோப்பி இலைத்துரு நோய் முதன்முதலிற் கண்டறியப்பட்டது. இருபது ஆண்டுகளுக்குள் அது மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களை அழித்து, தேயிலைக்கு வழிவிட்டது. நாம் இன்று தேத்தண்ணீர்ப் பிரியர்களாயிருப்பதற்கு ஓர் இலைப்பூசணமும் காரணம் என்று சொன்னால் எங்கள் வீட்டில் நம்ப மறுக்கிறார்கள்.

நோன்பு நாட்களில் இக்கோப்பிக்கு ஒரு பொருத்தம் உண்டு. ஸஹர் முடித்து, பஜ்ர் தொழுகைக்குமுன் போத்தலில் நீரை ஊற்றிக் குளிரில் வைத்துவிட்டால், நமது ஊரில் மஃரிப் பாங்கு கேட்கும்வரை ஏறக்குறைய 13½ மணித்தியாலம் ஆகும். நாம் பசித்திருக்கும் நேரமும் கப்பி ஊறும் நேரமும் ஏறக்குறைய ஒன்றே. அசர் தொழுதுவந்து துணியில் வடியவிட்டால் நோன்பு திறக்குமுன் சொட்டி முடிந்துவிடும். ஆனால் வெறும்வயிற்றில் அதனை முதலிற் பருகாதீர்கள். பேரீச்சம்பழமும் கஞ்சியும் உண்டு, மஃரிப் தொழுதபின் சிறிது பருகலாம். தராவீஹ் முடித்துவந்து பருகினால் உறக்கம் கெடும்; ஸஹருக்கு எழுப்புவோர்பாடு திண்டாட்டமாகும். 2022இல் எங்கள் வீட்டில் அப்படி ஒரு நாள் நடந்தது. நானும் மருமகனும் இரவு முழுதும் முற்றத்தில் கதைத்திருந்து, விடியற்காலையில் உறங்கிப்போனோம். உம்மா தனியே எழுந்து, ஸஹர் உணவை முடித்துக்கொண்டு, மறுநாட் கோப்பிக்குத் தாமே தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டார்.