வாயிற் காவலே வயிற்றுக் காவல்

(கெலாங் பாத்தாவில் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



சம்பளத்தைப் பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் இலையைப் பற்றிப் பேசப் போகிறேன். அதுவும் சம்பளப் பேச்சுத்தான். இலை இல்லையேல் பால் இல்லை; பால் இல்லையேல் கூலி இல்லை.

நாம் வெட்டும் ரப்பர் மரத்தின் தாயகம் பிரேசில். 1876-இல் விக்ஹம் என்ற ஆங்கிலேயர் அங்கிருந்து ஏறக்குறைய 70,000 விதைகளை லண்டனுக்குக் கொண்டுபோனார். 1877-இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. மரம் வந்தது; அதன் கொடிய இலைக்கருகல் நோய் வரவில்லை. இன்றுவரை ஆசியாவில் அது கால் வைக்கவில்லை.

அந்நோயின் வேகம் எப்படிப்பட்டது? மோட்டார் முதலாளி ஃபோர்டு 1928-இல் பிரேசிலில் பெருந்தோட்டம் போடத் தொடங்கினார். பணத்துக்குக் குறைவில்லை. ஆனால் நெருக்கி நட்ட மரங்களில் நோய் மரத்துக்கு மரம் தாவியது. 1945-இல் தோட்டத்தைக் கைவிட்டார்கள். நம் மரங்களுக்கும் அதைத் தாங்கும் சக்தி கிடையாது.

இலங்கையில் நம்மவர் பட்ட பாட்டையும் எண்ணிப் பாருங்கள். 1869-இல் காப்பி இலையில் துருநோய் கண்டது. சில ஆண்டுகளில் காப்பித் தோட்டங்கள் பாழாயின. துரைமார் தேயிலைக்கு மாறினர். வேலையிழந்த தொழிலாளர் மூட்டை கட்டினர்.

சிங்கப்பூரை இணைக்கும் இரண்டாம் பாலம் 1998-இல் நம் வட்டாரத்தில்தான் திறந்தது. தஞ்சோங் பெலெப்பாஸ் துறைமுகமும் இங்கேதான். ஆகவே நாட்டின் வாயிலில் நாம் நிற்கிறோம். 1976-ஆம் ஆண்டின் செடித் தடைக்காப்புச் சட்டம் இந்த வாயிலுக்குப் பூட்டு. அனுமதிச் சீட்டும் நோயற்றது என்ற சான்றிதழும் இன்றி ஒரு கன்றையும் ஒட்டுக் குச்சியையும் பையில் மறைத்துக் கொண்டுவராதீர்கள். நோய்வித்து உடையிலும் சப்பாத்திலும்கூட ஒட்டி வரும்.

இளந்தளிரின் அடியில் சாம்பல் பச்சைப் பொடி படிந்து, இலை சுருண்டு உதிர்ந்தால், முற்றிய இலையின் மேற்புறம் கரும்புள்ளியாகிச் சொரசொரத்தால், உடனே சொல்லுங்கள். கிராணிமார்களே, கன்று எங்கிருந்து வந்தது என்பதைப் புத்தகத்தில் எழுதி வையுங்கள்.

ஆனால் ஒன்று! நோய் கண்ட இடத்தில் மருந்தடித்து இலையை உதிர்க்க நேரும். மரத்தை வெட்டவும் நேரும். பால்வெட்டு நிற்கும். அந்த நாட்களுக்குக் கூலி யார் தருவது? சொன்னவருக்கே பட்டினி என்றால் யார் வாய் திறப்பார்? நாட்டின் பொருளைக் காக்கும் கைக்கு நிறுத்த நாள் கூலி உறுதி செய்யப்பட வேண்டும். இதைச் சங்கத்தின் கோரிக்கையாக முன்வைப்போம்.

கண்ணைத் திறந்து வைப்போம், உரிமையையும் கேட்போம்.