ஆட மறுத்த இறுதிப் போட்டி

1974-ல் கல்கத்தாவில் ஆஸ்திரேலியாவையும் புனேயில் சோவியத் யூனியனையும் வென்று, டேவிஸ் கோப்பை டென்னிஸின் இறுதிப் போட்டிக்கு இந்தியா வந்தது. சென்னைப் பிள்ளைகளான ஆனந்த் அமிர்தராஜும் விஜய் அமிர்தராஜும்தான் அணியின் பலம். எதிரே தென்னாப்பிரிக்கா. அதன் நிறவெறிக் கொள்கையை எதிர்த்து இந்தியா ஆட மறுத்தது. கோப்பை ஆடாமலே அந்த நாட்டுக்குப் போனது. 1966-லும் 1987-லும் இறுதிவரை போய்த் தோற்றோம். இன்றுவரை அந்தக் கோப்பை நம் கைக்கு வரவில்லை. அதனால்தான் ராயப்பேட்டையிலோ மயிலாப்பூரிலோ பழைய டென்னிஸ் ரசிகர்கள் கூடினால், அந்த மறுப்பு சரிதானா என்ற பேச்சு எழுகிறது. சரிதான் என்பது என் கட்சி. ஒரு வழக்கறிஞருக்குரிய காரணத்தோடு அதைச் சொல்கிறேன்.

வழக்கு தவறான இடத்தில் தொடுக்கப்பட்டிருந்தால், அந்த ஆட்சேபத்தை முதல் நீதிமன்றத்திலேயே, முடிந்தவரை சீக்கிரம் எழுப்ப வேண்டும் என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு. சாட்சி விசாரித்து, வாதாடி, தீர்ப்பு பாதகமான பிறகு சொன்னால் எடுபடாது. தென்னாப்பிரிக்க அரசு 1950-ல் குடியிருப்புகளையும் 1953-ல் பொது வசதிகளையும் நிறவாரியாகப் பிரித்துச் சட்டம் போட்டது. விலக்கப்பட்டவர்களில், 1860 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து நேட்டாலுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறிய தமிழர்களின் வாரிசுகளும் உண்டு. பெரும்பான்மை மக்களை ஒதுக்கிவிட்டுத் தேர்ந்தெடுத்த அணியை ஒரு நாட்டின் அணியாக ஏற்பதா? ஆட இறங்கிவிட்டால் ஏற்றதாகவே ஆகும். அதன்பின் எழுதும் கண்டனக் கடிதம் காலங்கடந்த ஆட்சேபம்தான்.

முடிவெடுத்தவர்களுக்கு நட்டமில்லை, ஆட்டக்காரர்களுக்குத்தான் நட்டம் என்பார்கள். உண்மை. விஜய்க்கு அப்போது வயது 20. முந்தைய ஆண்டுதான் விம்பிள்டனிலும் அமெரிக்க ஓப்பனிலும் காலிறுதி வரை போனவர். அந்த இழப்பைச் சிறிதாக்கிப் பேச எனக்கு மனம் வரவில்லை. ஆனால் டேவிஸ் கோப்பையில் ஆடுவது நாட்டின் பெயரில். அந்தப் பெயரை யாருக்கு எதிரே, எந்த நிபந்தனையில் நிறுத்துவது என்பது ஆட்டக்காரர் ஒருவரின் முடிவாக இருக்க முடியாது.

போய் ஆடியே மாற்றலாமே என்ற வாதம் இன்னும் கனமானது. அமெரிக்கக் கறுப்பின வீரர் ஆர்தர் ஆஷ், பார்வையாளர்களை நிறம் பார்த்துப் பிரித்து உட்காரவைக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு 1973-ல் ஜோகன்னஸ்பர்க் சென்று ஆடினார். நல்ல மனதோடு செய்த முயற்சி அது. ஆனால் அவரே பின்னாளில் புறக்கணிப்பின் பக்கம் வந்தார். 1985-ல் வாஷிங்டனில் தென்னாப்பிரிக்கத் தூதரகத்தின் முன் போராடிக் கைதானார். பரிசோதித்துப் பார்த்தவரின் சாட்சியம் என்பதால் அதற்கு மதிப்பு அதிகம்.

சாதியை வைத்திருக்கும் நாட்டுக்கு இதைப் பேச என்ன அருகதை என்பதுதான் எஞ்சிய கேள்வி. அங்கே பிரித்தது சட்டம். இங்கே அரசமைப்பின் 17-ஆம் பிரிவு தீண்டாமையைக் குற்றமாக்கியிருக்கிறது. வேறுபாடு பெரியதுதான், ஆனாலும் போதாது. யாரை விலக்கி அந்த அணி உருவானது என்று கேட்டவர்கள் நாம். உறுப்பினர் சிபாரிசு இல்லாமல் நுழைய முடியாத கிளப்புகளில் வளர்ந்த நம் டென்னிஸைப் பார்த்தும் அதையே கேட்க வேண்டும். நுங்கம்பாக்கம் டென்னிஸ் மைதானம் அரசு கட்டியது. அங்கே மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் ஒதுக்கப்படுகிறது என்று அரசு ஆண்டுதோறும் வெளியிடட்டும்.